வில்லை

கடிதத்தின் இரண்டு கரையும் நேராக இருக்கவேண்டும்,
அது ஜீவரெத்தினம் சேரின் பிடிவாதம்.
வலப்பக்கம் பல்லுப் போன சீப்பு மாதிரிக் கிடந்தால்
கந்தோருக்கு மரியாதை இல்லையாம்.
ஒரு பொத்தான், ஒரே அமுக்கு:
கயிறு பிடித்தது போல நின்றன வரிகள்.

கடதாசியில் அது வடிவுதான், மறுக்கமாட்டேன்.
ஏ ஃபோர் தாளின் அகலத்தில்
சொற்களுக்கு நடுவே இழுத்துவிட்ட இடைவெளியைக்
கண் மன்னித்துவிடும்.
இந்தமுறை அலுமாரியில் தாள் தீர்ந்திருந்தது.
வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கான
நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும்
நான்கு விரல் அகலத்துக்கு ஒடுங்கி
தொலைபேசிகளுக்குப் போயின.

நான்கு விரல் அகலத்தில் தமிழ் என்ன செய்யும்?
மேற்குறிப்பிடப்பட்டவாறு என்று ஒன்று வந்து குந்தினால்
பக்கத்தில் வேறு ஆளுக்கு இடமில்லை.
அடுத்த வரியில் இரண்டே சொல்,
ஒன்று இந்தக் கரை, ஒன்று அந்தக் கரை,
நடுவில் வெள்ளை.
அதற்குக் கீழும் வெள்ளை.
மார்கழியில் வாவி வயலுக்குள் ஏறுவதைப் போல
பந்திக்குள் ஓர் ஆறு.
கண் அதில் வழுக்கி இறங்கும்,
வரியில் நடக்காது.

அதை அடைக்கத்தான் சிறுகோட்டைத் திறந்துவிட்டேன்.
வேண்டிய இடத்தில் சொல்லை முறி என்று
இயந்திரத்துக்கு அனுமதி கொடுத்தவள் நான்தான்.
ஆறு வற்றியது.
சேர் எட்டிப் பார்த்து, "இப்ப வடிவு" என்றார்.

வதனகலா அதை வாசித்தது கிரான் சந்தியில்,
பஸ்ஸுக்கு நின்றபடி,
திரையில் விழுந்த வெயிலை ஒரு கையால் மறைத்து.
திரையின் அடியில் கடைசி வரி:

தங்கள் விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட-

மிச்சத்தை மனசு தானாக நிரப்பிக்கொண்டது.
பட்டது என்றால் கோடு
புள்ளி வைத்த எழுத்துக்குப் பிறகுதான் விழும்.
அது எனக்குத் தெரியும்.
அவளுக்கு ஏன் தெரியவேண்டும்?

காப்பை அடகு வைத்து
வாழைச்சேனைக் கடையில் பத்து மூட்டை சீமெந்து.
புலிபாய்ந்தகல் தாண்டி உழவு இயந்திரத்தில் ஏற்றிப்போன கூலி வேறு.
மூன்றாம் நாள் மேசனுக்குக் காட்டவென்று
கடிதத்தைத் திறந்தபோது விரல் தட்டி
அடுத்த பக்கம் வந்தது.
உச்சியில், தனியாக, முற்றுப்புள்ளியோடு:

வில்லை.

இருமலுக்குச் சப்புகிற வில்லை.
மூக்குக்கண்ணாடியில் போடுகிற வில்லை.
"ஏதோ ஆஸ்பத்திரி விசயம்" என்றாராம் மேசன்.

கந்தோருக்கு வந்தாள்.
"என்ன கா இது, ரெண்டு கடிதமா?"
ஒரு விரலை அங்கே வைத்து, இழுத்து, இங்கே வைத்து
ஒட்டி வாசித்துக் காட்டினேன்.
பதின்மூன்று எழுத்து. பத்து அந்தப் பக்கம்.
அவள் அழவில்லை. அந்த மூன்றையும்
திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள்,
அழுத்தினால் போய்விடும் என்பது போல.

ஓலையில் எழுதியவர்களும் சொல்லை நினைத்த இடத்தில் முறித்தார்கள்.
ஆனால் மறுபாதி
கையில் இருக்கும் கட்டுக்குள்ளேயே இருந்தது.

பின்னேரம் எல்லாக் கடிதத்தையும் மறுபடி திறந்தேன்.
இடக்கரை மட்டும் நேர். கோடு இல்லை.
வலக்கரை அதன்பாட்டுக்கு வளைந்தது.
"கோணலாக் கிடக்குதே" என்றார் சேர்.
"ஓம் சேர், கோணல்தான்" என்று
என் தொலைபேசியைக் கையில் கொடுத்தேன்.
வாசித்தார். கொஞ்ச நேரம் வாசித்தார்.
"கச்சேரிக்குப் போறத மட்டும் நேராக்கிவிடுங்க."

அவளுடைய மேன்முறையீட்டை நானே தட்டினேன்.
பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:
"கரை எப்பிடியும் இரிக்கட்டும் கா.
இல்லையெண்டா இல்லையெண்டு
முதல் வரியிலயே போடச் சொல்லுங்க."

சீமெந்து பொலித்தீனுக்குக் கீழே கிடக்கிறது.
கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம்.
ஐப்பசி பிறந்து நாலு நாள்.